ஆன்ஃபீல்டு கால்பந்து அரங்கம்

ஆன்ஃபீல்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள கால்பந்து அரங்கம். லிவர்பூல் கழகத்தின் சொந்த மைதானம். 1884இல் திறக்கப்பட்டபோது இங்கு ஆடியது எவர்ட்டன் கழகம். மைதானத்தின் உரிமையாளரான ஜான் ஹோல்டிங்குடன் வாடகை தொடர்பாக எழுந்த தகராறில் அது 1892இல் வெளியேறியது. காலியான மைதானத்துக்காக ஹோல்டிங் தொடங்கிய புதிய அணியே லிவர்பூல்.

அரங்கின் உயிர்நாடி ‘கோப்’ எனப்படும் பகுதி. 1906இல் எழுப்பப்பட்ட இந்தச் சரிவு மேடைக்கு, 1900இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் கோப் குன்றில் நடந்த போரின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அப்போரில் மாண்டவர்களில் லிவர்பூல் பகுதி வீரர்கள் பலர். 1928இல் கூரை வேய்ந்தபின், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து நின்று பாடும் ஒலி எதிரணிகளைக் கலங்கடித்தது. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் 1989இல் நேர்ந்த நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். அந்த நெரிசலை விசாரித்த டெய்லர் அறிக்கையின்படி, 1994இல் கோப் முழுவதும் இருக்கைகளாக மாற்றப்பட்டது. கொள்ளளவு பாதிக்கும் கீழாகக் குறைந்தாலும், தவிர்க்கக் கூடாத மாற்றம் அது.

வீடுகள் சூழ்ந்த இடமாதலால் விரிவாக்கம் எளிதாக இல்லை. அருகிலிருந்த வீடுகள் வாங்கப்பட்டு, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. தெருவாசிகள் பட்ட துன்பத்தை இவ்வரங்கின் வரலாற்றிலிருந்து நீக்க முடியாது. 2016இல் பிரதான பார்வையாளர் மாடம் விரிவாக்கப்பட்டு, மொத்தக் கொள்ளளவு சுமார் 54,000 ஆனது. ஆன்ஃபீல்டு சாலைப் பக்க மாடத்தின் மேலடுக்கு 2024இல் முழுமையாகத் திறக்கப்பட, கொள்ளளவு 61,000ஐத் தாண்டியது. எனினும், 1952இல் உல்வர்ஹாம்டனுக்கு எதிரான ஆட்டத்தைக் காண வந்த 61,905 பேரே இன்றும் சாதனை எண்ணிக்கை.