ஒரு சிலிண்டர் பன்னிரண்டான கதை

வார இறுதிகளில் ஆயர் குரோ பக்கம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சென்றால், சிங்கப்பூர் எண்பலகை மாட்டிய ஃபெராரிகளும் லம்போர்கினிகளும் சீறிக்கொண்டு கடப்பதைப் பார்க்கலாம். மலாக்காவின் இளைஞர்களில் பலர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துவிடுவார்கள்: இது வி8, அது வி12. சிலிண்டர் எண்ணிக்கை ஒரு காரின் குலப்பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பெயர் பந்தயப் படகு, அமெரிக்க வியாபாரப் போட்டி, இத்தாலிய வரிச்சட்டம் என்று பல கைகள் மாறி வந்தது. அது வந்த வழியில் மலாக்காவின் ரப்பர் தோட்டங்களும் உண்டு.

கதை 1876இல் தொடங்குகிறது. ஜெர்மனியில் நிகோலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை ஓடவைத்தார். அதே ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் பின்னாளில் ஓட்டோவின் எஞ்சின் உருண்டோடியது விக்கம் விதைகளின் வழிவந்த ரப்பரில்தான்.

ஓட்டோவின் எஞ்சினுக்கு ஒரு சிலிண்டர். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்கும் ஒரு சிலிண்டர்தான். 954 சிசி இருந்தும் ஒரு குதிரைத்திறன்கூடத் தேறவில்லை. நான்கு வீச்சு எஞ்சினில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் எரிபொருள் வெடித்துத் தள்ளும். மீதி நேரமெல்லாம் முன்பு கிடைத்த உந்துதலில் ஓடவேண்டும். அதனால் வண்டி குலுங்கும். குலுக்கலைக் குறைக்கவும் பலத்தைக் கூட்டவும் எளிய வழி, இன்னொரு சிலிண்டரைச் சேர்ப்பது. 1889இல் டைம்லரும் மேபாகும் இரண்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் சாய்த்து வைத்தார்கள். 1902இல் லெவாவாஸர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வி8 எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்று, தமக்குப் பணம் போட்டவரின் மகள் பெயரால் அதை 'ஆன்டுவானெட்' என்று அழைத்தார். அது பந்தயப் படகுகளில் ஓடியது. 1906இல் சாண்டோஸ்-டுமாண்ட்டின் விமானத்தையும் பறக்கவைத்தது. இன்று சாலைக்கார்களின் கௌரவமாக இருக்கும் வி8 முதலில் பேர் வாங்கியது தண்ணீரிலும் வானத்திலும்தான்.

இதற்குள் மலாக்காவில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லிப் பார்த்தார். பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை. காது கொடுத்தவர் மலாக்காவின் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரித்தார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டமாகக் கருதப்படுவது புக்கிட் லிந்தாங் தோட்டமே. 1908இல் ஹென்றி ஃபோர்டின் நான்கு சிலிண்டர் 'மாடல் டி' வந்தது. 1927க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர் வேண்டுமே! தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் வழியாகக் கப்பலேறிய நம் முன்னோர், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி அந்தத் தேவையை நிறைவேற்றினார்கள். கார் வரலாற்றைப் பேசும் நூல்கள் எஞ்சினைத்தான் பாடும். அந்த எஞ்சின்களைத் தரையோடு பிணைத்த உழைப்பில் ஜாசின் வட்டாரத் தமிழருக்கும் பங்கு உண்டு. அதை நாமாவது சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் அடுத்து நடந்தது அப்பட்டமான போட்டி. பிரெஞ்சு டி டியோன் நிறுவனம் 1910இல் வி8 கார் விற்றது. அதைப் பார்த்துக் கற்ற கேடிலாக் 1914இல் தன் வி8ஐ இறக்கியது. விடுமா பேக்கார்டு நிறுவனம்? மறு ஆண்டே 'ட்வின் சிக்ஸ்' என்ற 12 சிலிண்டர் காரைக் கொண்டுவந்தது. 1930இல் கேடிலாக் 16 சிலிண்டருக்குத் தாவியது. குலுக்கலைக் குறைக்கப் பிறந்த எண் இப்படித்தான் பெருமைக்குரிய எண்ணாக மாறியது. அந்தப் பேக்கார்டு கார்களைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களில் ஓர் இளம் இத்தாலியரும் இருந்தார். அவர் பெயர் என்ஸோ ஃபெராரி.

1947இல் தம் பெயரைத் தாங்கிய முதல் காரை அவர் ஓடவிட்டபோது, எஞ்சின் வெறும் ஒன்றரை லிட்டர், சிலிண்டர்களோ பன்னிரண்டு. வடிவமைத்தவர் ஜோவாக்கினோ கொலம்போ. ஒரு சிலிண்டருக்கு 125 சிசி என்பதால் காருக்கு '125 எஸ்' என்று பெயர். இவ்வளவு சிறிய சிலிண்டர் எதற்கு? பிஸ்டன் சிறியதானால் எடை குறையும்; எடை குறைந்தால் வேகமாக ஏறி இறங்கும்; தண்டு அதிகச் சுற்றுச் சுற்றும்; பலம் பெருகும். இந்த 125 சிசி நம் வீட்டுக்கு மிகவும் பழக்கமான அளவு. 1958இல் ஜப்பானின் ஹோண்டா 'சூப்பர் கப்' மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். சூப்பர் கப்பின் வழித்தோன்றலான 'காப்சாய்' மோட்டார் சைக்கிளில்தான் தோட்டத்துத் தகப்பன்மார் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுவிட்டார்கள். இன்றைய 125 சிசி காப்சாயின் ஒற்றைச் சிலிண்டரும், ஃபெராரியின் முதல் காரில் இருந்த பன்னிரண்டில் ஒன்றும் கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்றே.

சிலிண்டர் சிறியதானால் பலம் பெருகும் என்ற கணக்கை மோட்டார் சைக்கிள் செய்தவரே மெய்ப்பித்தும் காட்டினார். 1964இல் ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் நுழைந்த ஹோண்டாவின் கார் ஒன்றரை லிட்டர், 12 சிலிண்டர். மறுபடியும் தலைக்கு 125 சிசி! 1965இல் மெக்சிகோவில் அந்த எஞ்சின் வென்றது. 1966இல் டிராக்டர் உற்பத்தியாளர் ஃபெருச்சியோ லம்போர்கினி, 12 சிலிண்டர் எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் குறுக்கே கிடத்தி 'மியூரா'வைக் காட்டினார். அதன் பிறகு பன்னிரண்டுக்குக் குறைந்தால் உயர்ரகக் கார் இல்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஃபெராரி 1967இல் ஆறு சிலிண்டர் சாலைக்கார் செய்தபோது அதற்குத் தம் நிறுவனப் பெயரையே தரவில்லை. இளவயதில் இறந்த மகனின் நினைவாக 'டீனோ' என்று தனிப்பெயர் சூட்டினார்.

அந்த வைராக்கியத்தைத் தளர்த்தியதில் செலவுக்கும் வரிக்கும் பெரும் பங்கு உண்டு. 1975இல் வி8 எஞ்சினோடு ஃபெராரி 308 ஜிடிபி வந்தது. இத்தாலியில் 2000 சிசிக்கு மேல் போனால் வரி ஏறத்தாழ இரட்டிப்பு என்பதால், 1980இல் எட்டுச் சிலிண்டரையும் இரண்டு லிட்டருக்குள் அடக்கி '208' என்று விற்றார்கள். நம் ஊரிலும் சாலை வரி சிலிண்டரை எண்ணுவதில்லை, சிசியைத்தான் அளக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 150 சிசிக்குள் அடங்கும் காப்சாய்க்கு ஆண்டுக்கு 2 ரிங்கிட், 1600 சிசி சொந்தக் காருக்கு 90 ரிங்கிட். ஆறரை லிட்டர் வி12 வைத்திருப்பவர் ஏறக்குறைய 17,900 ரிங்கிட் கட்டவேண்டும்.

1990இல் ஹோண்டா சிலிண்டர் எண்ணிக்கைக் கணக்கைக் கலைத்தது. அதன் 'என்எஸ்எக்ஸ்' காருக்கு ஆறு சிலிண்டர்தான். ஆனாலும் ஃபெராரியோடு ஈடுகொடுத்தது, அன்றாடம் ஓட்டவும் தோதாக இருந்தது. அதை ஓட்டிப் பார்த்து வியந்தவர்களில் கார் வடிவமைப்பாளர் கோர்டன் மரே ஒருவர். தமிழர் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தென்னாப்பிரிக்க டர்பனில் பிறந்தவர். தம் மெக்லாரன் எஃப்1 காருக்கு ஹோண்டாவிடம்தான் முதலில் எஞ்சின் கேட்டார். அவர்கள் மறுக்க, பிஎம்டபிள்யூ 6.1 லிட்டர் வி12 கொடுத்தது. இங்கே 1996இல் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் 'எலீஸ்' நான்கே சிலிண்டரில் எடைக் குறைவால் பேர் வாங்கிய விளையாட்டுக் கார். 2003இல் மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்தில் பெகோவில் ஹோண்டாவின் கார்த் தொழிற்சாலை திறந்தது. டயருக்குப் பால் கொடுத்த மாநிலத்தில் முழுக் காரே உருவானது.

செப்பாங்கில் 1999இல் ஃபார்முலா 1 வந்தபோது களத்தில் எல்லாமே வி10. ஃபெராரிகூட 1996இலேயே பந்தயத்தில் பன்னிரண்டைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் ஷூமாக்கர் அவர்களுக்கு வரிசையாகப் பட்டங்கள் வாங்கித் தந்தார். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் செப்பாங்கில் ஜோர்டான் அணியின் வி10ஐயும், 2012இல் எச்ஆர்டி அணியின் வி8ஐயும் ஓட்டினார். ஒலி ஏன் மாறியது என்பதற்குக் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 18,000 சுற்றில் வி10 விநாடிக்கு 1,500 முறை வெடிக்கும். வி8 1,200 முறை. 6,000 சுற்றில் ஓடும் காப்சாய் 50 முறை. வெடிப்புகள் நெருங்க நெருங்கத் தனித்தனி ஓசை ஒரே கீச்சுக்குரலாகிறது. சிலிண்டரை நாம் காதால் எண்ணுவது இப்படித்தான்.

இன்று காற்று இரு திசையிலும் அடிக்கிறது. 2021இல் ஆறு சிலிண்டரோடு வந்த 296 ஜிடிபி ஃபெராரி என்ற பெயரையே தாங்கிக்கொண்டது. மின்மோட்டார் துணையோடு 830 குதிரைத்திறன். மெர்சிடிஸ் சி63 வி8ஐ விட்டு நான்குக்கு இறங்கியபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2024இல் ஃபெராரி எண்ணிக்கையையே பெயராக்கிப் '12 சிலிண்ட்ரி'யை வெளியிட்டது; அதே ஆண்டில் புகாட்டி 16 சிலிண்டர் 'டூர்பியோன்' காரைக் காட்டியது.

வேகத்துக்குப் பன்னிரண்டு தேவையில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஒலிக்கும் மென்மைக்கும் மரபுக்கும்தான் அது இன்னும் விலைபோகிறது. அந்த மூன்றையும் விரும்புவதில் பிழை எதுவும் இல்லை. மோட்டார் தொழில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஒற்றைச் சிலிண்டரை முழுதாகக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பதினாறு சிலிண்டர் எஞ்சினுக்குள்ளும் நடப்பது அதே நான்கு வீச்சுதான்.