தண்டமும் தண்டலும்: இந்தியக் குற்றவியல் சட்டத்தில் கட்டப்படாத அபராதத்தின் வரலாறு (1837–2024)

சிறைத்தண்டனையை நிறைவேற்றும் ஆற்றல் முழுவதும் அரசின் கையில் இருக்கிறது. அபராதமோ, விதிக்கப்பட்டவரிடம் பணம் இருந்தால் மட்டுமே நிறைவேறக்கூடிய தண்டனை. அதனால் அபராதம் எவ்வளவு என்ற கேள்வியோடு, அதைக் கட்டாதவரை என்ன செய்வது என்ற கேள்வியும் எப்போதும் சேர்ந்தே எழுந்திருக்கிறது. கட்டாதவர்களில் வசதியிருந்தும் கட்ட மறுப்பவர் ஒரு வகை, கட்ட வழியே இல்லாதவர் மற்றொரு வகை. இவ்விருவரையும் பிரித்தறிய இந்தியச் சட்டம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக முயன்றுவந்துள்ளது என்பதையும், அபராதம் விதிக்கும் வேளையிலேயே நடந்தாக வேண்டிய அந்த ஆராய்ச்சி இன்றும் பெரும்பாலும் ஒருவர் சிறைக்குள் சென்ற பின்னரே நடக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1837ஆம் ஆண்டு வரைவு

மெக்காலேயின் தலைமையில் அமைந்த முதல் சட்ட ஆணையம் 1837இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவும், தண்டனைகள் குறித்து அதனுடன் இணைத்த விளக்கக் குறிப்பும் இந்த வரலாற்றின் தொடக்கப் புள்ளி. அபராதம் கட்டாதவரைக் கையாள அன்று அறியப்பட்டிருந்த இரண்டு முறைகளை ஆணையம் எடை போட்டது. பணம் கட்டும்வரை சிறையில் வைத்திருப்பது முதல் முறை. எத்தனை நேர்மையான நீதிபதியும் குற்றவாளியின் சக்திக்கு மீறிய தொகையைத் தவறுதலாக விதித்துவிடக் கூடும் என்பதால், அம்முறை ஏழையை ஆயுள் முழுவதும் சிறையில் அடைத்துவிடும் என்று ஆணையம் கருதியது. குறிப்பிட்ட காலச் சிறையை அபராதத்துக்கு ஈடாகக் கொள்வது இரண்டாம் முறை. பணத்தைக் கொடுப்பதா, சிறையில் இருந்துவிடுவதா என்ற தேர்வைக் குற்றவாளியிடமே ஒப்படைப்பதால் அதுவும் தகாது என ஆணையம் ஒதுக்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே அது கண்ட வழி, கட்டத் தவறினால் அனுபவிக்க வேண்டிய சிறைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பதும், அச்சிறையை முடித்த பின்னரும் தொகையைச் சொத்திலிருந்து வசூலிக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு உயிரோடு வைத்திருப்பதுமாகும்.

1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோல்

இந்த நடுவழியே 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 63 முதல் 70 வரையான பிரிவுகளாக உருப்பெற்றது. தொகை குறிப்பிடப்படாத குற்றங்களுக்கு அபராதம் வரம்பற்றது எனினும் மிகையாக இருத்தல் கூடாது என்று 63ஆவது பிரிவு விதித்தது. குற்றத்துக்குச் சிறையும் அபராதமும் தண்டனையாக இருக்குமானால், கட்டத் தவறியதற்கான சிறை அக்குற்றத்துக்குரிய உச்சச் சிறைக்காலத்தின் நான்கில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில், வேலை வாங்காத வெறுங்காவல் தண்டனை மட்டுமே தரப்படலாம். 50 ரூபாய் வரையான அபராதத்துக்கு 2 மாதம், 100 ரூபாய் வரை 4 மாதம், அதற்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் 6 மாதம் என்பது அதன் உச்சவரம்பு.

கட்ட வேண்டியவருக்கு மிகவும் பயன்படுபவை 68, 69ஆம் பிரிவுகள். தொகை செலுத்தப்பட்ட அல்லது வசூலான கணமே சிறை முடிவுக்கு வரும். ஒரு பகுதி செலுத்தப்பட்டால் அதே விகிதத்தில் சிறைக்காலமும் குறையும். 100 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் 4 மாதச் சிறை என்ற தீர்ப்பில், முதல் மாதம் முடிவதற்குள் 75 ரூபாய் வந்துசேர்ந்தால் அம்மாத முடிவிலேயே அவர் விடுதலையாவார் என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. மறுபுறம் 70ஆவது பிரிவு, தண்டனை விதிக்கப்பட்டதிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் தொகையை வசூலிக்கலாம் என்றும், குற்றவாளி இறந்துபோனாலும் அவருடைய சொத்து அப்பொறுப்பிலிருந்து விடுபடாது என்றும் கூறியது.

ஜப்தியிலிருந்து நிலவரி பாக்கிக்கு

தண்டனைச் சட்டம் வசூலிக்கும் உரிமையைத் தந்தது; வசூலிக்கும் முறையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் வகுத்தன. 1898ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 386ஆவது பிரிவு, அசையும் சொத்தை ஜப்தி செய்து, அதாவது கைப்பற்றி, விற்பதற்கான வாரண்டை மட்டுமே முதலில் அனுமதித்தது. 1923ஆம் ஆண்டுத் திருத்தம், மாவட்ட ஆட்சியரை உரிமையியல் தீர்ப்பைப் பெற்றவருக்கு நிகராக வைத்து, அசையாச் சொத்தையும் வசூலுக்குள் கொண்டுவந்தது. அதே திருத்தம், கட்டத் தவறியதற்கான சிறையை ஒருவர் முழுவதுமாக அனுபவித்துவிட்டால், சிறப்புக் காரணங்களை எழுத்தில் பதியாமல் வசூல் வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. சிறை, கடன் இரண்டையும் ஒருசேரச் சுமத்திய 1837ஆம் ஆண்டு ஏற்பாடு முதன்முதலாகத் தளர்ந்த இடம் இதுவே.

1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 421ஆவது பிரிவு, அபராதத்தை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்ப வழிசெய்தது. தமிழில் வரி திரட்டுதலைக் குறிக்கும் தண்டல் என்ற சொல்லும் அபராதத்தைக் குறிக்கும் தண்டம் என்ற சொல்லும் ஒலியால் நெருங்கியவை. இப்பிரிவின் மூலம் அவை நிர்வாகத்திலும் ஒன்றாயின. தமிழ்நாட்டில் இவ்வசூலுக்கு அடிப்படை 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம். வேண்டுமென்றே வரி கட்டாதவரைக் கைது செய்யவும் அச்சட்டம் இடம் தருகிறது. ஆனால் அபராதத்துக்கான வாரண்டைக் கைது மூலமோ சிறைக்காவல் மூலமோ நிறைவேற்றலாகாது என்று 421ஆவது பிரிவு வெளிப்படையாகத் தடுத்துவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் விளக்கங்கள்

தமிழ்நாட்டுக் கொலை வழக்கொன்றில் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்த உயர் நீதிமன்றம் 20,000 ரூபாய் அபராதம் விதித்தபோது, அது மிகை என்று கண்ட உச்ச நீதிமன்றம் 1977இல் அதை 3,000 ரூபாயாகக் குறைத்தது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டைத் தாராளமாக ஆணையிடுமாறு 1988இல் அறிவுறுத்திய தீர்ப்பு, கட்ட வேண்டியவரின் சக்தியையும் கருத வேண்டும், தேவையானால் தவணை தரலாம் என்றும் கூறியது. கட்டத் தவறியதற்கான சிறை குற்றத்துக்கான தண்டனை அன்று, பணம் செலுத்தாததால் நேரும் விளைவு மட்டுமே என்று 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவாக்கியது. ஆயினும் அத்தகைய சிறைக்காலங்களை மற்றச் சிறைத்தண்டனைகளோடு ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவிட முடியாது என்று 2018இல் அந்நீதிமன்றமே முடிவு செய்தது. காசோலை வழக்குகளில் இழப்பீடு கட்டாமல் சிறை சென்றவரிடமிருந்து, சிறைக்காலம் முடிந்த பின்னும் அத்தொகையை வசூலிக்கலாம் என்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பணம் அரசுக்குச் சேர வேண்டியதா பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டியதா என்ற வேறுபாட்டை முன்னிறுத்தியது.

கட்ட இயலாதவருக்குள்ள வழிகள்

மேல்முறையீட்டில் தொகையைக் குறைக்கக் கோருவது, பகுதியைச் செலுத்திச் சிறைக்காலத்தைக் குறைத்துக்கொள்வது ஆகியவற்றோடு, 1974இல் நடைமுறைக்கு வந்த நடைமுறைச் சட்டத்தின் 424ஆவது பிரிவு தவணைக்கும் வழி வைத்தது. முப்பது நாட்களுக்குள் முழுத்தொகையையோ, முப்பது நாட்களுக்கு மேற்படாத இடைவெளிகளில் இரண்டு அல்லது மூன்று தவணைகளாகவோ செலுத்த அனுமதித்து, பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். ஆனால் இச்சலுகை அபராதம் மட்டும் விதிக்கப்பட்டவருக்கே உரியது. சிறையும் அபராதமும் சேர்த்துப் பெற்றவருக்கு, அதாவது சிறையில் இருந்ததால் வருமானத்தை ஏற்கெனவே இழந்தவருக்கு, இது கிடைப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆவது பிரிவு பழைய அளவுகோலைத் திருத்தியது. 1860இல் ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானமாக இருந்த 50 ரூபாய் காலப்போக்கில் மதிப்பிழந்ததால், பெரும்பாலான அபராதங்கள் 6 மாதம் என்ற மேல்தட்டிலேயே விழுந்துகொண்டிருந்தன. 5,000 ரூபாய் வரை 2 மாதம், 10,000 ரூபாய் வரை 4 மாதம் என்று புதிய சட்டம் அதைச் சீர்செய்தது. ஆயினும் அதற்கு மேற்பட்ட தொகைக்கான வரம்பை ஓராண்டாக இரட்டிப்பாக்கியது. 1978ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவில் இடம்பெற்று, மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியான சமூக சேவைத் தண்டனை, அதாவது ஊருக்குப் பயன்படும் வேலையை ஊதியமின்றிச் செய்யும் தண்டனை, இப்போது சில சிறு குற்றங்களுக்கு மட்டும் வந்துள்ளது. தவணை விதி, இச்சட்டத்துடன் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் 464ஆவது பிரிவாக மாற்றமின்றித் தொடர்கிறது.

2023ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம், அபராதம் கட்ட முடியாமல் சிறையிலிருக்கும் தண்டனைக் கைதிக்கு, மாவட்ட அளவிலான குழு 25,000 ரூபாய் வரை ஒப்புதல் அளித்து விடுதலைக்கு வழிசெய்ய அனுமதிக்கிறது. கைதியின் பொருளாதார நிலையை ஆராய்வது அத்திட்டத்தின் முதற்படி. அரசு விதித்த தொகையை அரசே கட்ட நேர்வது, அத்தொகை தொடக்கத்திலேயே அவரால் கட்ட இயலாததாக இருந்தது என்பதற்கான ஒப்புதலாகும். சிறைவாசலில் நடக்கும் அந்த விசாரணையை அபராதத் தொகை முடிவாகும் நாளுக்கு முன்னகர்த்தி, தவணைச் சலுகையைச் சிறையும் அபராதமும் சேர்த்துப் பெற்றவருக்கும் விரித்தால், மிகை அபராதம் கூடாதென்று 1860இலேயே எழுதப்பட்ட விதி ஏழைக்கும் பொருளுடையதாகும். நேர்மையான நீதிபதியும் தவறக்கூடும் என்று 1837இல் எழுப்பப்பட்ட ஐயத்துக்கு நீதிமன்றத்துக்குள்ளேயே கிடைக்கும் விடையாகவும் அது அமையும்.