சாட்சியத்தின் எடை

கொலை வழக்கை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதியின் முன் இருப்பவை சாட்சிகளின் வாய்மொழியும் சான்றாவணங்களும் சான்றுப் பொருள்களும்தான். ஊர்ப் பேச்சும் செய்தித்தாளில் வந்ததும் கணக்கில் வரா. நடந்ததை அவர் நேரில் கண்டவர் அல்லர் என்பதால், ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்பதற்குச் சட்டமே அளவு வகுத்திருக்கிறது: விவேகமுள்ள ஒருவர் உண்மையென்று நம்பிக் காரியத்தில் இறங்கும் அளவுக்கு அது நிகழ்ந்திருக்க வாய்ப்பு இருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இந்த இலக்கணம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் தொடர்கிறது. உரிமையியல் வழக்கில் இருதரப்பில் எவர் கூற்று நடந்திருக்கக்கூடியது என்று பார்த்தால் போதும். குற்ற வழக்கிலோ, நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் எதிரிக்கே.

தீர்ப்பின் பெரும்பாடு சாட்சியை எடைபோடுவதில் இருக்கிறது. இதில் தலைக்கணக்குக்கு இடமில்லை. வடிவேலு தேவர் எதிர் மதராஸ் அரசு வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகைப்படுத்தியது: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர். முதல் வகையில் ஒருவரே போதும். இரண்டாம் வகையில் பத்துப் பேர் வந்தாலும் பயனில்லை. நீதிபதிக்குத் தலைவலி மூன்றாம் வகையினர்தான். அவர்கள் சொல்லுக்கு வேறொரு சான்று துணை நிற்க வேண்டும். அந்த வழக்கில், கொலையுண்டவரின் மனைவி அளித்த சாட்சியத்தை நம்பியே தண்டனை உறுதி செய்யப்பட்டது.

ஒன்று பொய்யானால் எல்லாமே பொய் என்ற விதியும் இந்திய நீதிமன்றங்களில் செல்லாது. ஊர்ப்பகை வழக்குகளில், தாக்கிய நால்வரோடு பகையாளி இருவரையும் சேர்த்துச் சொல்லும் சாட்சி புதியவர் அல்லர். அங்கே பதரைத் தூற்றி நெல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை இதற்குப் பெரிதும் கைகொடுக்கும். இரவு பத்து மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை, நடுவரின் கைக்கு மறுநாள் மதியம்தான் வந்தது என்று அவர் அதில் எழுதிய குறிப்பே காட்டிக்கொடுக்கலாம். தாமதத்துக்குத் தக்க விளக்கம் இல்லையென்றால், இடையில் பெயர்கள் சேர்க்கப்பட்டனவா என்ற ஐயம் எழும். தாமதம் ஒன்றே வழக்கை வீழ்த்திவிடாது. மற்ற சாட்சியத்தோடு வைத்தே அது பார்க்கப்படும்.

நேரில் கண்ட சாட்சியே இல்லாத வழக்கில் சூழ்நிலைச் சான்றுதான் கதி. 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஐந்து நிபந்தனைகளை விதித்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்து எதிரியின் குற்றத்தைத் தவிர வேறெந்த முடிவுக்கும் இடம் தராத சங்கிலியாக அமைய வேண்டும் என்பது அவற்றின் சாரம். சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் சான்றாகிவிடாது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

முடிவை மனத்தில் எட்டிவிட்டால் மட்டும் வேலை தீராது. தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள், ஒவ்வொன்றின் மீதான முடிவு, அதற்கான காரணம் ஆகிய மூன்றும் தீர்ப்பில் எழுதப்பட வேண்டும். சாட்சியைக் கூண்டில் பார்க்கும் வாய்ப்பு விசாரணை நீதிபதிக்கே உண்டு. மேல்முறையீட்டு நீதிபதி பெரும்பாலும் தாள்களையே பார்க்கிறார். அதனால்தான், காரணம் சொல்லாத தீர்ப்பை மேல் நீதிமன்றம் ரத்து செய்து, மீண்டும் எழுதும்படி கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புவதுண்டு.