1991 சுற்றறிக்கையும் மிட்செலின் வாசிப்பும்

அமெரிக்க பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றிய எந்த விவாதமும் 2007 டிசம்பரில் வெளியான, முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் அறிக்கையைத் தொடாமல் நடப்பதில்லை. 2002 வரை ஸ்டீராய்டுக்குத் தடையே இல்லை என்ற பேச்சை அது மறுக்கிறது. மருந்துச் சீட்டில்லாமல் மருந்து எடுப்பதை பேஸ்பாலின் 1971 மருந்துக் கொள்கையே தடுத்தது, 1991இல் ஸ்டீராய்டு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது, ஆகவே பயன்படுத்தியவர்கள் நேர்மையான வீரர்களுக்கு அநீதி இழைத்தார்கள் என்பது வாதம். தேதிகளில் எனக்குப் பிணக்கில்லை. அந்த 'ஆகவே'யில்தான் பிணக்கு.

1991 ஜூன் 7ஆம் தேதி கமிஷனர் ஃபே வின்சென்ட் அனுப்பிய சுற்றறிக்கையைப் பாருங்கள். முகவரி அணிகளுக்கு, வீரர் சங்கத்துடன் பேசி முடித்த ஒப்பந்தம் அல்ல அது. சட்டவிரோத போதைப்பொருள் பற்றிய நீண்ட பேச்சுக்கு நடுவே ஸ்டீராய்டு ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறது. அதைவிட முக்கியம், தடைக்குச் சொல்லப்படும் காரணங்கள்: களத்தில் காயம் ஏற்படும், ரசிகர்கள் விலகுவார்கள், வீரரின் ஆட்டத்திறன் குறையும். குறையும்! திறனைக் கூட்டிக்கொண்டு எதிரணியை ஏய்ப்பவரை மனத்தில் வைத்து எழுதியவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். அவர் கண்முன் இருந்தது எண்பதுகளின் கோகெய்ன். 1997இல் கமிஷனர் பொறுப்பிலிருந்த பட் செலிக் அனுப்பிய சுற்றறிக்கையும் பெரும்பாலும் இதன் நகல்தான்.

1971 வாதம் இன்னும் பலவீனமானது. அதை ஏற்றால், ஓய்வறைகளில் கடலை மிட்டாய்போல் கைமாறிய 'கிரீனி' என்ற ஆம்ஃபெடமின் மாத்திரைக்காக எழுபதுகளின் வீரர்களில் பெரும்பகுதியை மோசடிக்காரர் என்று எழுத வேண்டிவரும். மிட்செல் அந்தப் பக்கம் போகவில்லை; அவருக்கு இடப்பட்ட பணி ஸ்டீராய்டு என்பது உண்மைதான். ஆம்ஃபெடமினுக்குச் சோதனை வந்தது 2006இல். எச்சில் தடவிய பந்தின் கதை வேறு. 1920இலேயே அது ஆட்ட விதியிலேயே தடையானது, களநடுவர் வெளியேற்றலாம். ஆனாலும் அதில் கைதேர்ந்தவரென்று தானே எழுதிய பந்தெறிவீரர் கேலார்ட் பெர்ரி, வின்சென்ட் சுற்றறிக்கை அனுப்பிய அதே 1991இல்தான் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்று உண்டு: ஒளித்தல். குற்றமில்லையென்றால் ஏன் மறைத்தார்கள்? 1998இல், 70 ஹோம் ரன் அடித்த ஆண்டில், மார்க் மெக்வையரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டெனடையோன் புட்டி நிருபர் கண்ணில் படும்படி நின்றது. உடலுக்குள் போனால் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடியது. அன்று ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கடைகளில் தாராளம். ஸ்டீராய்டு எடுத்ததையோ அவர் 2010இல்தான் ஒப்புக்கொண்டார். நோக்கம் ஒன்றே, ஒளித்தது ஒன்றை மட்டும். அது சக வீரனுக்கு அஞ்சியதைவிட ஸ்டீராய்டைக் கட்டுப்படுத்திய 1990இன் கூட்டாட்சிச் சட்டத்துக்கு அஞ்சியது என்றே கொள்கிறேன். நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். வெட்கமும் அச்சமும் ஒரே பூட்டுக்குள் இருந்திருக்கலாம்.

அப்படியானால் எல்லைக்கோடு எங்கே? 2002 ஆகஸ்டில் சங்கமே ஒப்பந்தத்தை ஏற்றது. 2003 சோதனையில் பெயரும் இல்லை, தண்டனையும் இல்லை. 2004இல் முதல்முறை சிக்கினால் சிகிச்சை மட்டும். 2005இல்தான் முதல் தவறுக்கே 10 நாள் இடைநீக்கம். இவற்றில் 2002ஐயே நான் தேர்கிறேன், தண்டனை வராவிட்டாலும் வீரர்கள் தங்களுக்குள் ஒப்பிய விதி அதுவே என்பதால். 2005ஐத் தேர்பவரோடு சண்டைக்கு நிற்க மாட்டேன். 1971ஐத் தேர்பவரோடு நிற்பேன்.