மருத்துவர் உடையும் நோயாளர் நம்பிக்கையும்

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ‘டிரெசர்’ என்பது வீட்டுச் சொல்லைப்போல் பழகிய சொல். ஜெராய் மலையடிவாரத்துக் குருண், பீடோங் வட்டாரங்களிலும் அவ்வாறே. தோட்ட மருத்துவமனையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். பெரிய டாக்டர் குறித்த நாள்களில் வந்து பார்த்துச் செல்வார். நாள்தோறும் மக்கள் கண்டது டிரெசரின் வெள்ளை உடையைத்தான்.

எனினும் அப்பெயருக்கும் அவர் உடுத்திய உடைக்கும் தொடர்பில்லை. புண்ணைத் துடைத்து, மருந்திட்டு, கட்டுப் போடுபவர் என்பதே அதன் பொருள். இலண்டன் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர்க்குத் துணை நின்ற மாணவரை அப்பெயரால் அழைத்தனர். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1816ஆம் ஆண்டில் அந்நகரின் கைஸ் மருத்துவமனையில் டிரெசராகப் பணிபுரிந்தவரே. பெயர் உடையைக் குறிக்காவிடினும், தோட்டத்து மக்கள் டிரெசரை உடையைக் கொண்டே அடையாளம் கண்டனர். அவ்வுடை அவர்களிடம் நம்பிக்கையை வளர்த்ததா, அச்சத்தை வளர்த்ததா? ஆராயத்தக்க வினா இது.

இவ்வினாவுக்குத் தமிழ் மண்ணில் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை காண முயன்றவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர், அமெரிக்கர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அம்மருத்துவர் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து, மருத்துவம் செய்யவும் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதன் விளைவு அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆங்கிலத்தில் பயின்றவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். ஊர்ப்புறத்து ஏழை மக்களோடு ஒட்டி வாழும் மனம் அவர்களிடம் குறைந்தது. ஆகவே 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார்.

அவ்வகுப்பு மாணவர்க்கு அவர் விதித்த கட்டுப்பாடுகளுள் உடை பற்றியதும் ஒன்று. தொப்பி, காற்சட்டை, சப்பாத்து முதலியன வேண்டா என்றார். அவர் காட்டிய காரணங்கள் கருதத்தக்கவை. ஐரோப்பிய உடை பூண்ட தமிழ் மருத்துவரைத் தமிழர் தம்மவராகக் கொள்ளார். அவர்தம் பரிவை அவர் இழப்பார். அவ்வுடைக்கு ஆகும் செலவு ஊர் மருத்துவரின் எளிய வருவாய்க்குத் தாங்காது. நோயாளியின் கண்ணுக்கு அயலாராகத் தோன்றுபவர் அவன் உள்ளத்துக்கும் அயலாராவார் என்பது கிறீன் கண்ட முடிபு.

உடையும் மொழியும் அவருக்கு ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கவும் அவர் பாடுபட்டார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர். ஆனால் 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அமைந்த மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. ஆங்கிலமும் மேனாட்டு உடையும் மருத்துவத்தோடு இணைபிரியாதன என்னும் எண்ணம் வேரூன்றியது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கிறீன் மேனாட்டு உடையை விலக்கினார். பின்வந்த தமிழரோ மருத்துவரின் வெள்ளை உடையை விரும்பினர். இது முரண்பாடாகாதா? ஆகாது. கிறீன் தம் விதியை வகுத்த காலத்தில் மருத்துவர்க்குரிய வெள்ளை மேலங்கி வழக்குக்கு வரவில்லை. மேனாட்டு மருத்துவர் கனவான்களுக்குரிய கரிய கோட்டு அணிந்தே அறுவை செய்தனர். நோய்க்கிருமிகளைக் கொல்லும் அறுவை முறையை லிஸ்டர் 1867இல் வெளியிட்ட பின்னரே தூய்மை பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. தாமஸ் ஈக்கின்ஸ் என்னும் அமெரிக்க ஓவியர் 1875இல் தீட்டிய அறுவைக் காட்சியில் மருத்துவர் கரிய உடையில் நிற்கின்றனர். 1889இல் அவரே தீட்டிய மற்றொன்றில் வெள்ளை உடையில் நிற்கின்றனர். பதினான்கு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் அது. கரிய கோட்டு தகுதியைக் காட்டியது. வெள்ளை உடை தூய்மைக்கு உறுதி கூறியது.

ஆயினும் மலாயாத் தோட்டங்களில் வெள்ளைக்கு இரண்டு பொருள்கள் இருந்தன. துரையும் கிராணியும் உடுத்தியதும் வெள்ளைத் துணியே. யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும் பலராக இருந்த டிரெசர்மார், அதனால் நோய் தீர்ப்பவராகவும் அதிகாரத்தைச் சேர்ந்தவராகவும் ஒருங்கே தோன்றினர். வேலைக்குச் செல்ல இயலாத நோயாளி என எழுதித் தருபவரும் அவரே; நோயில்லை என்று திருப்பி அனுப்புபவரும் அவரே. ஆகலின் தொழிலாளி அவ்வெள்ளையை நம்பவும் செய்தான், அஞ்சவும் செய்தான்.

இக்கால ஆய்வுகளும் உடையின் ஆற்றலை மறுக்கவில்லை. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளைச் சார்ந்த 4,000க்கு மேற்பட்ட நோயாளரை வினவி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவர் உடை தமக்கு முக்கியம் என்றனர். முறையான உடையின்மேல் அணிந்த வெள்ளை அங்கியையே மிகுதியும் விரும்பினர். ஆனால் இங்கிலாந்திலோ, நீண்ட கைப்பகுதி கிருமிகளைச் சுமக்கக்கூடும் எனக் கருதி, முழங்கைக்குக் கீழே ஒன்றும் அணியலாகாது என்னும் நெறியை 2007இல் அறிவித்தனர். நோயாளர் விரும்பிய அங்கி, நோயாளர் நலன் கருதியே அங்கே விலக்கப்பட்டது.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். அவற்றுள் உடை இல்லை, முதலிடம் நோயாளிக்கே. உடையை ஆராய்வார்க்கும் இவ்வரிசையே அளவுகோலாகும்.

குருணை அடுத்த பீடோங் வட்டாரத்துச் செமிலிங்கில் இன்று எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவம் கற்பிக்கிறது. அது 2001இல் நிறுவப்பெற்றது. தோட்டத் தொழிலாளர் பேரப்பிள்ளைகள் வெள்ளை அங்கி அணியும் காலம் இது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதிர்ந்த மூதாட்டி அவர்கள் முன் அமரும்போது, அவ்வங்கியைக் கண்டு அமைதி கொள்ளலாம். ஆனால் வயிற்று வலியைத் தன் சொற்களில் கூறி, அதே மொழியில் மறுமொழி பெறும்போதுதான் அவள் கூச்சம் நீங்கி முழுவதையும் சொல்வாள். கிறீன் உடையையும் மொழியையும் சேர்த்தே எண்ணியதன் உண்மை இதுவே. மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர்க்குத் தமிழைத் திருத்தமாகக் கற்பித்து அனுப்பும் ஆசிரியர், அம்மூதாட்டியின் நோய் தீர்க்கும் பணியில் பங்கு கொண்டவராவார்.