எழுதிய மருந்தும் விழுங்கிய மருந்தும்

ஆசிரியர் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்று. மாணாக்கன் உண்மையில் செய்து முடிக்கும் பாடம் மற்றொன்று. முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நன்கு தெரியும். மருத்துவத்திலும் அத்தூரம் உண்டு. வைத்தியர் எழுதிய மருந்து வேறு; நோயாளி விழுங்கிய மருந்து வேறு. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியதில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு காலத்தில் காசநோய்க்குத் தூய காற்றும், படுக்கை ஓய்வும், ஊட்டமான உணவுமே மருந்தெனக் கருதினர். அவற்றை அளிக்கும் ஆரோக்கிய நிலையங்களிலோ ஏழைக்கு இடம் கிடைப்பது அரிது. பின்னர் 1940களில் ‘பாஸ்’ என்னும் மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும் காசநோய்க்கு வந்தன. இரண்டும் வாய்வழி உட்கொள்ளத்தக்கவை. அவற்றைக் கொண்டு வீட்டிலேயே நோயைத் தீர்க்க இயலுமா?

இதனை ஆராய 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதனை வழிநடத்தினார். நோயாளிகளுள் ஒரு சாராருக்கு வீட்டிலும், மறு சாராருக்கு ஆரோக்கிய நிலையத்திலும், அதே இரு மருந்துகள் ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன. 1959இல் முடிவு வெளியாயிற்று. ஆரோக்கிய நிலையத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் தணிந்தது. எளிய உணவுண்டு நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்தவர்களிலும் நூற்றுக்கு 86 பேருக்குத் தணிந்தது.

எனினும், மருந்து வீடு சேர்ந்தால் போதாது, வயிறு சேரவேண்டும். பாஸ் மருந்தை நாள்தோறும் சுமார் 10 கிராம் உண்ணவேண்டும். அது வயிற்றைப் புரட்டும். இருமல் அடங்கியதும் ‘இனி எதற்கு?’ என்று தோன்றுவதும் இயல்பே. ஆபத்து அங்கேதான் உள்ளது. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமிகள் சில நோயாளியின் நுரையீரலில் முன்பே இருக்கக்கூடும். அவற்றை மற்றொரு மருந்து கொல்லும். ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் உண்டால் அடங்காதவை பெருகும். மனைவி மக்களையும் பற்றும்.

ஆகவே ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். அடுத்து, வாரம் இருமுறை ஊழியர் கண்முன்னே மருந்தளிக்கும் முறையையும் ஆராய்ந்தனர். 1964இல் வெளியான அதன் முடிவும் நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. 1990களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இவ்வாராய்ச்சிகள் வழிகாட்டின.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் மருந்துண்ணும் முதியவர் ஒருவர் இருக்கலாம். வேளை தவறாமல் நினைவூட்டுங்கள். குணம் தெரிந்தது என்று தாமாக நிறுத்த விடாதீர்கள். வைத்தியரைக் கேட்கச் செய்யுங்கள். சீட்டில் எழுதிய கடைசி வேளையும் உட்சென்ற பின்னரே மருந்து தன் கடமையை முடிக்கிறது.