ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் டெண்டர்

2016 பிப்ரவரி 25 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க் நகரத்துக்கு ஒரு நீராவி எஞ்சின் புறப்பட்டது. பத்தாண்டு பழுதுபார்ப்பு முடிந்திருந்தது, 42 லட்சம் பவுண்டு செலவாகியிருந்தது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனைப் பார்க்க வந்தவர்கள் வழியில் தண்டவாளத்துக்கே இறங்கிவிட்டதால் ரயிலை நடுவே நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்வி இதுதான்: இந்தப் படத்தில் தெரிகிற எஞ்சின் எந்த ஆண்டின் எஞ்சின்?

பாதுகாக்கப்பட்ட எஞ்சின் எதுவானாலும் அதன் மேல் பூசிய வண்ணமும் எழுதிய எண்ணும் ஒரு காலத்தைச் சொல்கின்றன. 60103 என்ற எண்ணை இந்த எஞ்சின் பெற்றது 1948 டிசம்பரில், பிரிட்டிஷ் ரயில்வே அரசுடைமை ஆன பிறகு. கரும்பச்சை வண்ணம் 1952-இல் வந்தது. இரட்டைப் புகைபோக்கி 1959-இல் பொருத்தப்பட்டது. முகப்பின் இருபுறமும் நிற்கும் ஜெர்மன் பாணிப் புகை விலக்கித் தகடுகள் 1961 டிசம்பரில் சேர்ந்தன. அப்படியானால் படம் காட்டும் காலம் 1961 டிசம்பருக்கு முன்னால் போக முடியாது. பின் எல்லையும் தெரியும்: 1963 ஜனவரி 14-இல் எஞ்சின் கடைசியாகச் சேவையில் ஓடியது. ஆக, சுமார் பதின்மூன்று மாதம். எண், வண்ணம், புகைபோக்கி, தகடு எல்லாம் அந்தச் சிறிய இடைவெளிக்குள் சரியாக உட்காருகின்றன.

உட்காராதது ஒன்று உண்டு. எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்துவரும் டெண்டர்.

அந்த டெண்டரின் பின்முகத்தைப் பாருங்கள். ரயில் பெட்டிகளுக்கிடையே இருப்பதுபோன்ற மடிப்புக்கூடு இருக்கிறது, உள்ளே கதவு, மேலே ஒரு வட்டச் சன்னல். இது காரிடார் டெண்டர். சாதாரண டெண்டர் வெறும் இரும்புத் தொட்டி. காரிடார் டெண்டருக்குள் ஆள் நடந்து போகலாம். 1962-இல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் பின்னால் இது இருந்ததா என்பதுதான் நான் தேடத் தொடங்கியது.

தேடல் எளிதாக இல்லை. முதல் தடை புகைப்படக்காரர்கள். நீராவி எஞ்சினை யாரும் முகப்பிலிருந்து சற்றே சாய்ந்த கோணத்தில்தான் எடுப்பார்கள். பெயர்ப்பலகை, சக்கரம், புகை எல்லாம் அழகாக விழும்; டெண்டர் தூரத்தில் மங்கிப்போகும், அதன் பின்முகம் முதல் பெட்டியோடு ஒட்டி மறைந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தாலோ, உயரமான சுவருள்ள சாதாரண டெண்டரும் காரிடார் டெண்டரும் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால் லோகோ ஷெட்டில் தனியாகப் பின்பக்கம் காட்டி நிற்கும் படங்களையும், மேம்பாலத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த படங்களையும் தேட வேண்டும். அப்படிப்பட்டவை குறைவு. கிடைத்தாலும் அடிக்குறிப்பை அப்படியே நம்ப முடியாது. படத்திலுள்ள புகைபோக்கியையும் எண்ணையும் பார்த்து முதலில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தடை பதிவேடுகளின் இயல்பு. எஞ்சின் பணிமனைக்குள் வந்த நாள், வெளியேறிய நாள், பொருத்திய கொதிகலனின் எண், டெண்டரின் எண் எல்லாம் பணிமனைப் பதிவுகளில் வரும். ஆனால் ஒரு டெண்டரின் கதை ஒரே இடத்தில் கிடைக்காது. இந்த எஞ்சினை விட்டுப் போன டெண்டர் எங்கே போயிற்று என்று பார்க்க, அது சேர்ந்த எஞ்சினின் பதிவை எடுக்க வேண்டும். அங்கிருந்து இன்னொன்று.

ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தார்கள்? பணிமனையின் கணக்கு அது. எஞ்சினைப் பிரித்துக் கொதிகலனைக் கழற்றிச் சீர்செய்ய வாரக்கணக்கில் ஆகும். டெண்டர் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். தயாரான டெண்டரை, அதன் பழைய ஜோடி வெளிவரும்வரை சும்மா நிறுத்திவைப்பது வீண். எந்த எஞ்சின் முதலில் தயாரோ அதன் பின்னால் மாட்டி அனுப்பினார்கள். பணிமனையைப் பொறுத்தவரை எஞ்சின் என்பது அதன் சட்டகம். கொதிகலனும் டெண்டரும் வந்துபோகிறவை.

இதற்கு நான் கண்ட சாட்சிகளிலேயே நேரானது, எண் எழுதிய இடம். இந்த எஞ்சினை ஓட்டிய எல்.என்.இ.ஆர். கம்பெனியின் ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சினின் எண்ணைப் பெரிய எழுத்தில் டெண்டரின் பக்கத்தில்தான் எழுதினார்கள். 1924-இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் இந்த எஞ்சின் நின்ற படத்தில் 4472 என்ற எண் டெண்டரில் இருப்பதைக் காணலாம். டெண்டர் மாறினால் என்ன ஆகும்? எஞ்சின் ஒன்று, பின்னால் எழுதியிருக்கும் எண் இன்னொன்று. 1928 வாக்கில் எண்ணை டிரைவர் நிற்கும் கேபின் பக்கத்துக்கு மாற்றினார்கள். போட்டிக் கம்பெனியான எல்.எம்.எஸ்.-உம் ஏறக்குறைய அதே நேரத்தில் அதையே செய்தது. டெண்டர் எஞ்சினுக்குச் சொந்தமில்லை என்று கம்பெனிகளே தங்கள் வண்ணப்பூச்சில் ஒப்புக்கொண்ட தருணம் அது.

இனி வரிசை. எஞ்சின் 1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளிவந்தது. வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி. அப்போது அதன் எண் 1472, பெயர் கிடையாது. மறு ஆண்டு வெம்ப்ளிக்காகத்தான் பெயரும் 4472 என்ற எண்ணும் வந்தன. பின்னால் இருந்தது பழைய கிரேட் நார்தர்ன் ரயில்வே வகை எட்டுச்சக்கர டெண்டர். மேல் விளிம்பில் நிலக்கரி சரியாமல் தடுக்கும் கம்பி வரிசை உண்டு. அந்தக் கம்பிகளைக் கொண்டே படத்தில் உடனே அடையாளம் காணலாம்.

1928 ஏப்ரலில் அது போய்க் காரிடார் டெண்டர் வந்தது. காரணம், மே 1 முதல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392.7 மைல், ஏறத்தாழ 632 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் ஓட்ட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். ஒரு டிரைவரும் ஒரு பயர்மேனும் அவ்வளவு நேரம் தாங்க மாட்டார்கள். அதனால் டெண்டரின் ஒரு பக்கமாகப் பதினெட்டு அங்குல அகலமும் ஐந்தடி உயரமும் உள்ள ஒரு சந்து விட்டார்கள். முதல் பெட்டியில் ஓய்வெடுத்த மாற்று ஆட்கள் யார்க்கைத் தாண்டியதும் குனிந்து அதன் வழியே எஞ்சினுக்கு வருவார்கள். களைத்தவர்கள் திரும்பிப் போவார்கள். பருத்த ஆள் அதில் நுழைய முடியுமா என்று பார்க்க, கிரெஸ்லி தன் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசை போட்டு இடையில் தானே நுழைந்து பார்த்ததாகச் சொல்வார்கள். பக்கத்தில் ஐயாயிரம் காலன் தண்ணீர், தலைக்கு மேல் நிலக்கரி, காலடியில் அதிரும் தகடு, எதிரே மங்கலான ஒரு வட்ட வெளிச்சம். பின்முகத்தின் வட்டச் சன்னல் அந்த வெளிச்சத்துக்குத்தான்.

இந்த டெண்டரோடுதான் 1934 நவம்பர் 30 அன்று 4472 மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட்டது. அதிகாரபூர்வமாக அளந்து உறுதிசெய்யப்பட்ட வகையில் அதுவே நீராவி எஞ்சினின் முதல் நூறு.

1936 அக்டோபரில் காரிடார் டெண்டர் கழற்றப்பட்டது. புதிதாக வந்த ஏ4 வகை எஞ்சின்கள் நெடுந்தூர வேலையை எடுத்துக்கொண்டன, காரிடார் டெண்டர்கள் அவற்றுக்குத் தேவைப்பட்டன. 4472 மறுபடி பழைய வகைக்குத் திரும்பியது. 1938 ஜூலையில், காரிடார் இல்லாத உயரமான டெண்டர் ஒன்று சேர்ந்தது. அதன் பிறகு சேவை முடியும்வரை அந்த வகைதான். போர்க்காலத்துக் கறுப்பு வண்ணம், 1946-இல் எண் 502 ஆகி, சில மாதத்தில் 103 ஆனது, 1947 ஜனவரியில் புதிய கொதிகலனோடு ஏ3 வகையாக மாறியது, பிறகு 60103, நீலம், கரும்பச்சை, இரட்டைப் புகைபோக்கி, தகடுகள் எல்லாவற்றின் போதும் பின்னால் வந்தது நடைபாதை இல்லாத டெண்டர்.

நாற்பது ஆண்டுச் சேவையில் காரிடார் டெண்டர் இருந்தது எட்டரை ஆண்டு. சாதாரண உயர் டெண்டர் இருபத்து நான்கு ஆண்டுக்கும் மேல். 2016 படத்தில் எஞ்சின் 1962-ஐச் சொல்கிறது. டெண்டர் 1936-க்கு முன்னால் நிற்கிறது. இரண்டும் சேவையில் சந்திக்கவே இல்லை.

அப்படியானால் சந்திக்க வைத்தது யார்? பதில் 1963-இல் இருக்கிறது. ஆலன் பெக்லர் என்ற தொழிலதிபர் எஞ்சினை 3,000 பவுண்டுக்கு வாங்கினார். நான்கு வயதுக் குழந்தையாக வெம்ப்ளிக் கண்காட்சியில் இதைப் பார்த்தவர். டான்காஸ்டர் பணிமனையில் பழைய தோற்றத்துக்கு மாற்றச் சொன்னார்: ஆப்பிள் பச்சை, 4472, ஒற்றைப் புகைபோக்கி, தகடுகள் நீக்கம், காரிடார் டெண்டர். அப்போது டெண்டர் கிடைக்கவும் வழியிருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1962 டிசம்பர் 29 அன்று, ஐந்து ஏ4 எஞ்சின்கள் ஒரே நாளில் சேவையிலிருந்து விலக்கப்பட்டிருந்தன.

அந்த மனிதரின் பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இல்லையென்றால் இந்த எஞ்சின் பழைய இரும்பாகப் போயிருக்கும். ஆனால் ஆய்வாளனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வெம்ப்ளியில் அந்தக் குழந்தை பார்த்த எஞ்சினுக்குக் கம்பி விளிம்பு டெண்டர் இருந்தது, டிரைவர் வலப்பக்கம் நின்றார், கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு. 1963-இல் வெளிவந்ததில் 1954-இல் மாற்றிய இடப்பக்க இயக்கமும், 220 பவுண்டு அழுத்தமுள்ள ஏ3 கொதிகலனும் அப்படியே இருந்தன. சேவைக்காலத்தில் 4472 என்ற எண்ணோடு இது ஏ3 ஆக ஒரு நாளும் ஓடவில்லை. டெண்டர் மட்டும் 1928-ஐப் பேசியது.

பிறகு டெண்டர் தனக்கென்று ஒரு வரலாறு சேர்க்கத் தொடங்கியது. ஓடும்போதே தண்ணீர் அள்ளிக்கொள்ளத் தண்டவாளங்களுக்கிடையே இருந்த தொட்டிகளை பிரிட்டிஷ் ரயில்வே அகற்றிக்கொண்டே வந்தது. 1966-இல் பெக்லர் இன்னொரு காரிடார் டெண்டரை 1,000 பவுண்டுக்கு வாங்கி, முழுவதும் தண்ணீர்த் தொட்டியாக மாற்றினார். நடைபாதையை மட்டும் விட்டுவைத்தார். இரண்டு டெண்டர்களோடுதான் 1968 மே 1 அன்று நாற்பதாம் ஆண்டு நினைவாக லண்டன்–எடின்பரோ நிறுத்தமில்லா ஓட்டம் நடந்தது. 1969-இல் முகப்பில் மணியும் மாடு விலக்கியும் மாட்டிக்கொண்டு எஞ்சின் அமெரிக்கா போயிற்று. 1988-இல் ஆஸ்திரேலியா போயிற்று. மறு ஆண்டு ஆகஸ்ட் 8-இல் பார்க்ஸிலிருந்து புரோக்கன் ஹில் வரை நிற்காமல் 679 கிலோமீட்டர் ஓடி, நீராவி எஞ்சினுக்கான உலக சாதனை படைத்தது. பின்னாளில் எண், வண்ணம், புகைபோக்கி, தகடுகள் எல்லாம் 1962-இன் தோற்றத்துக்குத் திரும்பின; டெண்டர் மட்டும் திரும்பவில்லை.

இந்தக் கேள்வி ஒரு எஞ்சினோடு நிற்பதில்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வைத்திருக்கும் 1831-ஆம் ஆண்டின் ஜான் புல் எஞ்சினை 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்காகப் பழையதுபோல் ஆக்கியபோது, அமெரிக்காவில் பின்னாளில் சேர்த்த கேபினைக் கழற்றினார்கள். அதன் மூல டெண்டர் சிதைந்துபோய்ப் பிரிக்கப்பட்டது. பழைய உலோகப் பாகங்கள் சிலவற்றைச் சேர்த்து 1930-இல் ஆல்டூனா பணிமனையில் நகல் செய்தார்கள். இது நகல் என்று தெரிந்து பார்க்கும்போது யாரும் ஏமாறுவதில்லை. யார்க் அருங்காட்சியகத்தில் மல்லார்டு நிற்பதும் அப்படித்தான்: 1938 ஜூலை 3-இல் 126 மைல் வேகச் சாதனை படைத்த நாளின் தோற்றம் என்று ஒரே தேதியைத் தேர்ந்தெடுத்து, சக்கரங்களை மூடும் தகடுகள்வரை அதற்கே உண்மையாக இருக்கிறது.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் காரிடார் டெண்டரைக் கழற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓடுகிற எஞ்சினுக்கு அதனால் பயன் உண்டு; கூடவரும் தொழில்நுட்ப ஆட்கள் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போய்வர அந்தச் சந்துதான் வழி. 1963-க்குப் பிறகான அறுபது ஆண்டும் வரலாறுதான். நான் எதிர்ப்பது, ஒரு தேதியின் வண்ணத்தை எல்லாப் பாகங்களின் மேலும் ஒன்றாகப் பூசி, பார்ப்பவர் அதை 1962 என்று நம்பும்படி விட்டுவிடுவதை. எஞ்சின் நிற்கும் மேடையில் ஒரு பலகை போதும். சட்டகம் 1923. இடப்பக்க இயக்கம் 1954. இரட்டைப் புகைபோக்கி 1959. தகடுகளின் வடிவம் 1961. காரிடார் டெண்டர்: இந்த வகை 1928 முதல் 1936 வரை இருந்தது, 1963-இல் மீண்டும் இணைத்தது. கொதிகலனுக்கு மட்டும் இன்னொரு வரி வேண்டும், ஏனென்றால் 2016-இல் அது சுமந்துவந்தது சால்மன் ட்ரவுட் என்ற வேறொரு ஏ3 எஞ்சினின் கொதிகலன்.